பலகையில் இல்லாத மூன்று வருசம்

குரல் பதியிற மிசின் ஓடுதோ, தங்கச்சி? சிவப்பு வெளிச்சம் எரிஞ்சால் ஓடுது எண்டுதானே. சரி, ஓடட்டும். நான் நிப்பாட்டச் சொல்லுற இடத்தில நிப்பாட்டினால் காணும்.

உங்கட கொம்பனிக்கு என்ன தேவை எண்டு எனக்கு விளங்குது. வாற சனம் காதில கருவியைக் கொழுவிக்கொண்டு சுத்திப் பாக்கேக்க அறைக்கு ஒரு கதை வேணும். மேல்மாடிப் பேய், அந்த வெள்ளை அம்மாவுக்கு மூண்டு நிமிசம். ஒஸ்லோவில இருக்கிற புது முதலாளி அப்படித்தான் சொல்லி விட்டிருக்கிறார் என்ன? கதை எழுத ஒரு பிள்ளை வருது எண்டுதான் எனக்குச் சொன்னவை. தமிழ்ப் பிள்ளை எண்டு சொல்லேல்லை. காலமை உங்களைக் கதவடியில கண்ட உடனதான் தெரிஞ்சுது. முப்பத்தஞ்சு வருசமா டேனிஷில சொன்ன கதையை இண்டைக்குத் தமிழில சொல்ல வேண்டி வந்திட்டுது. டேனிஷில சொன்னது முழுக்கப் பொய்.

என்ர பேர் தருமகுலசிங்கம். அவ்வளவு நீளத்தை இஞ்சத்தை ஆக்கள் எங்கை சொல்லுறது? சிங் எண்டு கூப்பிடுவினம். தலைப்பாகை எங்கை எண்டு கேட்ட ஆக்களும் இருக்கினம். இந்தக் கோட்டைக் கதவெல்லாம் பூட்டித் திறக்கிற திறப்புக்கோர்வை தொண்ணூறாம் ஆண்டிலையிருந்து என்ர இடுப்பிலதான் கிடக்கு. முதலாளிமார் நாலு பேர் மாறிட்டினம். நான் மாறேல்லை.

முதல் படிக்கட்டடிக்கு வாங்கோ. உந்த மரக் கேடயங்களைப் பாருங்கோ. இந்தத் திரானபோர்க் கோட்டையை வாங்கிற ஆள் முதல் வேலையா ஒரு கேடயம் செய்விச்சு, குடும்பச் சின்னமும் பேரும் வருசமும் எழுதி, இந்தப் பெரிய பலகையில ஆணி அடிக்க வேணும். அது இஞ்சத்தை வழக்கம். உறுதியில கையெழுத்து வைச்சால் காணாது. ஆணி அடிச்சால்தான் ஊர்ச்சனம் முதலாளி எண்டு ஒத்துக்கொள்ளும். வருசத்துக்கு ஒருக்கா தங்கப் பூச்சுப் பூசுறது நான்.

கட்டினவர் ஒரு பிசப். கீழ சதுப்பில நாரையள் நிண்டதால நாரைக் கோட்டை எண்டு பேர் வைச்சவராம். கட்டி முடிச்சு இருபது வருசம் ஆகேல்லை, அரசன் சமயத்தை மாத்திப்போட்டு, பிசப்பையும் பிடிச்சு அடைச்சு, கோட்டையையும் எடுத்திட்டான். பேந்து தன்ர தளபதிக்குக் குடுத்தான். அந்தக் குடும்பம் மூண்டு தலைமுறை. பேந்து சுவீடன்காரன் சண்டைக்கு வந்து கோட்டைத் தேவாலயத்துக்குள்ள குதிரை கட்டினவன். ஒண்டரை வருசம் இருந்திட்டுப் போறவன், அவனும் ஒரு கேடயம் அடிச்சிட்டுத்தான் போனவன். அந்தா, மூக்குடைஞ்ச சிங்கம். அதுக்கு அங்காலை ஒரு மர வியாபாரி. காசு குடுத்துப் பிரபுப் பட்டம் வாங்கினவர், அதாலதான் அவற்ர கேடயம் எல்லாத்திலும் பெரிசு. பேரப்பிள்ளையள் சூதாடித் துலைச்சினம். பேந்து வந்த பிரபுவின்ர காணியளை அரசாங்கம் பிரிச்சுக் குடுக்க, அவர் கோட்டையை வித்திட்டு வெளிக்கிட்டார். பொம்பிளைப் பிள்ளையளுக்குச் சமையல் படிப்பிக்கிற பள்ளிக்கூடமா இருந்தது. பேந்து ஜேர்மன் ஆமி. அவங்களும் அடிச்சவங்கள். நாப்பத்தஞ்சில ஊர்ச்சனம் அதைக் கழட்டி எரிச்சிட்டுது, ஆணி ஓட்டை மட்டும் இருக்கு. பேந்து ஒரு தளபாடக் கொம்பனிக்காரர். எண்பத்து மூண்டில அவர் கடனில முறிஞ்சு போனார். அதுக்கு அடுத்த கேடயம் ஹோட்டல்காரர், தொண்ணூறு.

நடுவில பாருங்கோ. வெறும் பலகை. ஆணி ஓட்டை கூட இல்லை.

ஜேர்மன் ஆமிக்கு ஒரு ஓட்டையாவது இருக்கு. எங்களுக்கு அதுவும் இல்லை. எண்பத்தஞ்சு கடைசியில இருந்து எண்பத்தெட்டு மார்கழி வரைக்கும் நூற்றுப் பன்னிரண்டு தமிழ்ச்சனம் இதுக்குள்ள இருந்தனாங்கள். அகதி நிலையம். விருந்து மண்டபத்தில இரட்டைத் தட்டுக் கட்டில், பிரபுவின்ர குசினியில எங்கட பருப்பு. நாங்கள் முதலாளியள் இல்லைத்தான். ஆனால் ஆக்கள்தானே? ஹோட்டல் புத்தகத்தில அந்த வருசங்களுக்கு என்ன எழுதிக் கிடக்குத் தெரியுமோ? "கோட்டை வெறுமையாக இருந்தது."

இனி நிப்பாட்டுங்கோ. அணைஞ்சிட்டுதோ? நல்லது.

நான் உங்களிட்ட ஒண்டு கேக்கப் போறன். உங்கட கதையில எங்கையாவது ஒரு பேர் வர வேணும். பத்மலோசினி. "எண்பத்தேழு வைகாசியில பத்மலோசினி எண்டு ஒரு பெண் இந்தக் கோட்டைக்கு வந்தா." அவ்வளவு காணும், விளக்கம் வேண்டாம். அது என்ர மனுசி. போன மாசியில மோசம் போயிட்டா. இந்த ஊர்ச் சவக்காலையில அவவின்ர கல்லு இருக்கு. கல்லில கிடக்கிறது வேற ஒருத்தியின்ர பேர். என்ர பிள்ளையள் ரண்டு பேருக்கும் உது தெரியாது. தெரிஞ்சால் அவையின்ர குடியுரிமைக்கு என்ன நடக்குமோ எனக்குத் தெரியாது. அதாலதான் விளக்கம் வேண்டாம் எண்டுறன். பேர் மட்டும் எங்கையாவது இருக்கட்டும்.

மேல வாங்கோ. படி வழுக்கும், பாத்து.

இதுதான் அந்த அறை. இதில நாலு விதவைப் பொம்பிளையள் இருந்தவை. யன்னலடிக் கட்டில் தையல்நாயகி அம்மாவின்ரது. நாங்கள் தையலம்மா எண்டுவம். ஐம்பது வயசு இருக்கும். மனுசன் செத்தபிறகு வெள்ளைச் சீலைதான். இஞ்சத்தைப் பனிக்கும் அதுதான். அதுக்கு மேல நிலையத்தில குடுத்த ஆம்பிளைக் கோட்டு. கண்ணில வெள்ளை படர்ந்து எழுத்துப் பாக்க ஏலாது. இருதய வருத்தம் வேற. ஒரே ஒரு மகள், யோகமலர், பதினாறு வயசு. தமக்கையோட ஊரில விட்டிட்டு வந்தவ. முதல் தான் வந்து, பேந்து மகளைக் கூப்பிடலாம் எண்டு.

எனக்கு அப்ப இருபத்தாறு. கொஞ்சம் இங்கிலீசு, கெட்டித்தனமா டேனிஷும் பிடிச்சிட்டன். அதால நிலையத்துக் கந்தோரில மொழிபெயர்க்கிறதும் நான், தபால் எடுக்கிறதும் நான், தையலம்மாவுக்கு மகளின்ர கடுதாசி வாசிக்கிறதும் நான்.

எண்பத்தாறு ஆவணியில ஒரு கடுதாசி என்ர பேருக்கு வந்தது. தையலம்மாவின்ர தமக்கை எழுதினது. ஆமி அடிச்ச செல் விழுந்து மலர் போயிட்டாள், தங்கச்சிக்கு இருதயம் ஏலாது, தம்பி நீங்கள் பாத்துப் பக்குவமாச் சொல்லுங்கோ எண்டு.

பக்குவம் எண்டால் என்ன? எங்கட சனத்துக்குத் தெரியும்தானே. செத்த சேதியை நேர சொல்ல மாட்டம். வருத்தம் எண்டுவம், கடுமை எண்டுவம், மெல்ல மெல்லக் கொண்டுபோவம். நான் வருத்தம் எண்டு சொல்லத்தான் இந்த அறைக்கு வந்தனான். அவ கட்டிலில எழும்பி இருந்து, "மலரின்ர கடுதாசியோ?" எண்டு கேட்டா. என்ர கையில நிலையத்தில குடுக்கிற நீலக் கடுதாசி ஒண்டு இருந்தது, வெறும் கடுதாசி. நான் அதை விரிச்சு வாசிச்சனான். "அன்புள்ள அம்மா, நான் சுகம்."

அண்டைக்கு மட்டும் எண்டுதான் நினைச்சன். இரண்டு கிழமையில திரும்பக் கேட்டா. திரும்ப வாசிச்சன். நல்லாத்தான் வாசிச்சன், தங்கச்சி. பள்ளிக்கூடம், மழை, ஆட்டுக்குட்டி எல்லாம் போட்டு. "அங்கை தருமகுலசிங்கம் அண்ணை எண்டு ஒருத்தர் இருக்கிறாராம், நல்ல மனுசனாம், அவரைக் கவனியுங்கோ அம்மா" எண்டும் ஒருக்காச் சேர்த்து வாசிச்சன். பகிடிக்குத்தான். அடுத்த நாளையில இருந்து அவவின்ர பங்கு முட்டை எனக்கு வந்தது. ஒவ்வொரு கடுதாசியையும் வாங்கித் தலையணைக்குக் கீழ வைப்பா. இருதய வருத்தக்காறியை அஞ்சு மாசம் சந்தோசமா வைச்சிருந்தனான், ஒருத்தரும் அதை நினைச்சுப் பாக்கிறேல்லை.

அடுத்த தை மாசம் அவவுக்கு அகதி அந்தஸ்து கிடைச்சது. உடன கேட்டா: "தம்பி, பதினெட்டுக்குள்ள எண்டால் பிள்ளையைக் கூப்பிடலாமாம், எழுதிப் போடும்." அப்ப சொல்லியிருக்கலாம், ஓம். ஆனால் அஞ்சு மாசப் பொய்யை எந்த முனையில இருந்து அவிழ்க்கிறது? தரமாட்டினம், கன பேருக்கு மறுக்கிறாங்கள்தானே எண்டு நினைச்சு எழுதிப் போட்டன். சித்திரையில விசா வந்திட்டுது. படமும் கடவுச்சீட்டும் கொழும்பில காட்டினால் காணுமாம்.

யோசிச்சுப் பாருங்கோ. ஊரில ஒவ்வொரு வீட்டிலயும் பிள்ளையளை எப்படி வெளியில எடுக்கிறது எண்டு நிண்டு அழுகினம். இஞ்சை ஒரு செத்த பிள்ளைக்கு விசா. அதை வீணாக்கலாமோ? என்ர மாமான்ர மகள் பத்மலோசினி, லோசினி எண்டுவம், எனக்குப் பேசி வைச்ச மச்சாள், அதே வயசு. நான் தையலம்மாவின்ர தமக்கைக்கு எழுதினன். அவவும் மனமிரங்கி மலரின்ர பிறப்புப் பத்திரத்தை மாமாவிட்டக் குடுத்திட்டா. ஒரு உயிர் தப்பட்டும் எண்டு எழுதியிருந்தா. மலரின்ர பேரில லோசினியின்ர படத்தோட கடவுச்சீட்டு எடுத்தாச்சு. தையலம்மாவுக்கு எல்லாம் சொல்லியாச்சு எண்டு மாமாவுக்கு எழுதிப்போட்டன். சொல்லத்தான் இருந்தனான். ரயில் வாற காலமையும் சொல்லத்தான் இருந்தனான். அவ விடியவே குளிச்சு, திருநீறு பூசி, கதவடியில நிக்கிறா. எப்படிச் சொல்லுறது? கண்ணும் வடிவாத் தெரியாதுதானே எண்டு ஒரு துணிவு.

ரயில் மேடையில நிலையத்துப் பொம்பிளை பிர்கித் பத்திரத்தோட நிண்டா. லோசினி இறங்கி வந்து, அம்மா எண்டு கும்பிட்டா. தையலம்மா கிட்ட போய், லோசினியின்ர நாடியைப் பிடிச்சு நிமித்தி, முகத்தை வெளிச்சப் பக்கம் திருப்பி, மூக்கு முட்டுற கிட்டத்தில வைச்சுப் பாத்தா. கனநேரம் பாத்தா. காதுக்குப் பின்னால விரலால தடவினா. பிர்கித் கேட்டா, "இது உங்கட மகளோ?" நான்தானே மொழிபெயர்க்க வேணும். மொழிபெயர்த்தனான். தையலம்மா என்ர பக்கம் திரும்பேல்லை. பிர்கித்தைப் பாத்து "யா" எண்டா. ஓம் எண்டு அர்த்தம், அவவுக்குத் தெரிஞ்ச ஒரே டேனிஷ் சொல்.

பஸ்ஸில நான் முன் சீற்றில. பின்னால அவை ரண்டு பேரும். கோட்டை வாற வழியில ரண்டு பக்கமும் உயரமா மரம் நிக்கும், பாத்திருப்பியள். அதில வரேக்கதான் தையலம்மா கேட்டா.

"என்ர பிள்ளை எங்கை?"

லோசினி பாவம், தையலம்மாவுக்கு எல்லாம் தெரியும் எண்டு நினைச்சுக்கொண்டு வந்தவ. "அவ ஆவணியோட போயிட்டா அம்மா. உங்களுக்குச் சொன்னதெண்டு சொன்னவை."

அழுவா, விழுவா எண்டு நான் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு இருந்தன். அவ, "கடைசியா எப்ப சாப்பிட்டனீ?" எண்டு அந்தப் பிள்ளையிட்டக் கேட்டா.

அண்டையில இருந்து என்னோட ஒரு சொல் கதைக்கேல்லை. அதுதான் எனக்கு ஆறாத மனவருத்தம். எவ்வளவு செய்தனான் அந்த மனுசிக்கு! முட்டையும் நிண்டு போச்சு.

லோசினியை அவ ஒரு நாளும் ஏசேல்லை. மலர் எண்டுதான் கூப்பிட்டா. அது நல்லதுக்குத்தானே, நிலையத்தில நாலு பேர் கேக்கிற இடம். ஆனால் அறைக்குள்ளயும் மலர்தான். லோசினியின்ர தலையை நடுவில உச்சி பிரிச்சு இழுத்தா, மலருக்கு அப்படித்தானாம். பின்னேரத் தேத்தண்ணி குடிச்ச கையோட தலையணைக்குக் கீழ இருந்து அந்த நீலக் கடுதாசியளை எடுத்துக் குடுப்பா. "உன்ர கடுதாசியள்தானே. வாசி."

எல்லாம் வெறும் கடுதாசி. லோசினி முதல் நாள் என்னிட்ட ஓடி வந்து அழுதா, அதில ஒண்டும் இல்லை அத்தான் எண்டு. வாயில வந்ததைச் சொல்லு, நானும் அப்படித்தான் செய்தனான் எண்டு சொல்லிவிட்டன்.

ஒரு மாசம் போயிருக்கும். நான் இந்தக் கதவடியில நிண்டு கேட்டன். லோசினி வாசிக்கிறா: "அம்மா, நீங்கள் கிணத்துக்குள்ள விட்ட மோதிரத்தை அம்மான் இறைச்சு எடுத்திட்டார். பெரியம்மா அதை அரிசிப் பானைக்குள்ள வைச்சிருக்கிறா." தையலம்மா தலையை ஆட்டுறா. நான் லோசினியைத் தனியக் கூப்பிட்டு, உது உனக்கு ஆர் சொன்னது எண்டு கேட்டன். "அதில எழுதியிருக்கு" எண்டா. எனக்குச் சரியான கோபம். தமக்கைக்கு எழுதிக் கேட்டன். மோதிரம் அரிசிப் பானைக்குள்ளதான் இருந்ததாம். தான் ஒருத்தருக்கும் சொல்லேல்லையாம்.

தற்செயலா இருக்கலாம். நான் பேய் பிசாசு நம்புற ஆள் இல்லை. ஆனால் லோசினி நாயோட வளர்ந்தவ. மாமா வீட்டில மூண்டு நாய். அந்த ஐப்பசியில காவல்காரனின்ர கிழட்டு நாய் கிட்ட வர, கத்திக்கொண்டு படியில விழுந்தா. மலரைச் சின்னனில நாய் கடிச்சதாம். காதுக்குப் பின்னாலயாம். அது எனக்குப் பேந்துதான் தெரியும்.

தையலம்மா இந்த யன்னலில நிக்கத் தொடங்கினது அப்பதான். விடியக்காலமை வெள்ளைச் சீலையோட வந்து நிப்பா. அந்த மரப் பாதையைப் பாத்துக்கொண்டு. அவவுக்கு அவ்வளவு தூரம் கண் தெரியாது. ஆனாலும் நிப்பா. பால் கொண்டுவாற ஊர்ச்சனம் கீழ நிண்டு அண்ணாந்து பாக்கும். எண்பத்தெட்டு மாசியில ஒரு காலமை கதிரையை இழுத்துப் போட்டு இதில இருந்தபடியே போயிட்டா. கிரியை எல்லாம் நான்தான் செய்தனான், ஒரு குறையும் வைக்கேல்லை. மலருக்குத்தான் ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்லை. பதிவில உயிரோட இருக்கிற பிள்ளைக்கு எப்படிச் செத்த வீட்டு எட்டுச் செலவு செய்யிறது, சொல்லுங்கோ?

அதுக்குப் பிறகும் ஊர்ச்சனம் யன்னலில ஆளைக் கண்டது. நான் காணேல்லை. ஆனால் இந்தக் கண்ணாடியைத் துடைக்க நான் வாறேல்லை, கூலிக்கு ஆள் பிடிக்கிறது.

ஹோட்டல்காரர் வந்து, "சிங், பேய் ஏதும் இருக்கோ? இருந்தால் வியாபாரத்துக்கு நல்லது" எண்டு கேட்டார். எனக்கு வேலை தேவை. வெள்ளை உடுப்போட ஒரு அம்மா, மகளைப் பாத்துக்கொண்டு நிக்கிறா எண்டன். அவர் அதுக்கு ஃப்ரூ கிர்ஸ்தீன, கிர்ஸ்தீன அம்மா எண்ட மாதிரி, ஒரு பேர் வைச்சு, தளபதி குடும்பத்து மருமகள் ஆக்கி, மகளை அகழியில விழுத்தினார். அடுத்த கிழமை திறப்புக்கோர்வை என்ர கையில. சனம் காசு குடுத்துக் கேக்குது. நான் கிர்ஸ்தீன எண்டு சொல்லேக்க ஒவ்வொரு தரமும் இந்த யன்னலுக்கு முதுகு காட்டாமல்தான் நிக்கிறனான்.

லோசினியை எண்பத்தொன்பதில கலியாணம் முடிச்சன். பதிவுப் பத்திரத்தில யோகமலர், தாய் தையல்நாயகி. பேந்து கோட்டை வாசலடி வீட்டில இருந்தனாங்கள். ஆரும் கேட்டுப்போடுவினமோ எண்ட பயத்தில நானும் வீட்டுக்குள்ள மலர் எண்டுதான் கூப்பிட்டனான். பிள்ளையள் பிறந்து, பள்ளிக்கூடம் போய், முப்பத்தாறு வருசம். அவ என்னை ஒரு குறை சொன்னதில்லை. கனக்கக் கதைக்கவும் மாட்டா. இடைக்கிடை அலுமாரிக்குள்ள இருந்து அந்த நீலக் கடுதாசியளை எடுத்து வைச்சுப் பாப்பா. என்னப்பா அதில இருக்கு எண்டு ஒருக்காக் கேட்டன். "எங்கட வீட்டு விசயம்" எண்டா. எங்கட எண்டால் ஆற்ர எண்டு நான் கேக்கேல்லை.

போன மாசி, ஆசுப்பத்திரியில. பின்னேரம் நாலு மணி இருக்கும், வெளியில நல்ல வெளிச்சம். பிள்ளையள் கோப்பி குடிக்கக் கீழ போயிட்டினம். இதுதான் நேரம் எண்டு நினைச்சன். இந்த மனுசியை ஒருக்காவாவது அவவின்ர சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட வேணும் எண்டு எனக்குப் பெரிய ஆசையா இருந்தது. கையைப் பிடிச்சுக்கொண்டு, "லோசினி" எண்டு கூப்பிட்டன். அசையேல்லை. காதுக்குக் கிட்டக் குனிஞ்சு, "லோசினி, அத்தான் கூப்பிடுறன்" எண்டன். வேற ஆரையோ கூப்பிடுற மாதிரிக் கிடந்தா. எனக்கு அழுகை வந்திட்டுது. நாலைஞ்சு தரம் கூப்பிட்டன். பேந்து வழமையா வாயில வாறது வந்திட்டுது. "மலர்" எண்டன்.

உடன கண் திறந்தா. நல்ல தெளிவான கண். என்னைப் பாத்தா, தலையில இருந்து கால் வரைக்கும் பாத்தா. கையை மெல்ல இழுத்து எடுத்தா. எனக்குப் பின்னால யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, சின்னப் பிள்ளைக் குரலில கேட்டா:

"அம்மா, உவர் ஆர்?"

நான் என்ர பேரைச் சொன்னனான், தங்கச்சி. முழுப் பேரையும் சொன்னனான்.